விலாசம் தொலைந்த நொதிகளும், நாம் மறைக்கும் நோய்களும்



இது கொஞ்சம் நீளமான பதிவு. படித்து முடிப்பதற்குள் கையில் இருக்கிற காபி ஆறிவிடும். ஆனாலும் படியுங்கள். வீட்டில் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருப்பவர்களும், கைக்குழந்தை வைத்திருப்பவர்களும் கட்டாயம் கடைசி வரை படியுங்கள்.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் காரைக்குடிப் பக்கம் பெண் கொடுக்கும்போது ஜாதகம் பார்க்கிறோம், கோவில் பார்க்கிறோம், முறை பார்க்கிறோம், சாமான் கணக்கு பார்க்கிறோம். அந்த வீட்டில் சின்ன வயதில் இறந்துபோன குழந்தைகள் உண்டா, எதனால் இறந்தன என்று மட்டும் கேட்பதில்லை. கேட்டாலும் சொல்வதில்லை. இந்தப் பழக்கம் குழந்தைகளின் உயிரை எடுக்கிறது என்பது என் கருத்து. ஏன் என்று விளங்க ஒரு சின்னப் பாடம் நடத்த வேண்டியிருக்கிறது. முப்பது வருஷம் விலங்கியல் எடுத்தவள் வேறு எப்படிப் பேசுவேன்?

"செல்லின் தற்கொலைப் பை எது?" என்று ஒரு மதிப்பெண் கேள்வி வரும், நினைவிருக்கிறதா? "லைசோசோம்" என்று எழுதி மதிப்பெண் வாங்கியிருப்பீர்கள். அந்தப் பட்டப்பெயர் பாதி உண்மைதான். லைசோசோம் செல்லைக் கொல்வதற்காக உட்கார்ந்திருக்கிற பை இல்லை. வீட்டுக் கொல்லைப்புறத்தில் பழைய பாத்திரத்தை உருக்கிப் புதுப் பாத்திரம் ஆக்கும் பட்டறை என்று வைத்துக்கொள்ளுங்கள். தேய்ந்துபோன புரதம், கொழுப்பு, நீளமான சர்க்கரைச் சங்கிலி எல்லாம் அங்கே போகும். அமிலம் நிறைந்த அந்தச் சின்னப் பைக்குள் ஐம்பதுக்கும் மேற்பட்ட நொதிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட பொருளை, ஒரு குறிப்பிட்ட இடத்தில் வெட்டும். வெட்டிய துண்டுகளைச் செல் மறுபடி பயன்படுத்திக்கொள்ளும்.

பெல்ஜியத்துக்காரர் கிறிஸ்டியன் டி டூவே 1955ல் இதற்குப் பெயர் வைத்தார். 1974ல் நோபல் பரிசு பெற்றார். பாடப்புத்தகம் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும். அதற்கு அடுத்து வரும் கேள்விதான் எனக்கு எப்போதும் பிடித்தது. இந்த நொதிகள் லைசோசோமுக்குள் பிறப்பதில்லை. ரைபோசோமில் உருவாகி, எண்டோபிளாச வலைப்பின்னலுக்குள் நுழைந்து, கோல்கை உறுப்புக்கு வந்து, அங்கிருந்துதான் லைசோசோமுக்குப் போக வேண்டும். கோல்கையிலிருந்து செல்லுக்கு வெளியே போகும் சரக்கும் உண்டு, செல்லின் சவ்வுக்குப் போகும் சரக்கும் உண்டு. இத்தனை கூட்டத்தில் "இது லைசோசோமுக்குப் போக வேண்டிய சரக்கு" என்று யார் பிரிக்கிறார்கள்?

நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். விலாசம் என்றால் மற்ற ஊர்களில் வெறும் முகவரி. நமக்கு அது குடும்பத்தின் அடையாளம். ரங்கூனிலும் பினாங்கிலும் கடை வைத்திருந்தவர்கள் பெயரைவிட விலாசத்தால்தான் அறியப்பட்டார்கள். பெட்டியில் விலாசம் சரியாக இருந்தால் சரக்கு உரிய வீட்டுக்கு வந்து சேரும். விலாசம் எழுதாத பெட்டி துறைமுகத்திலேயே கிடக்க வேண்டியதுதான். உள்ளே வைரம் இருந்தாலும் அது வைரம் என்று யாருக்குத் தெரியும்?

செல்லும் அப்படித்தான் செய்கிறது. லைசோசோமுக்குப் போக வேண்டிய நொதி கோல்கைக்கு வந்ததும், அதன் மேல் இருக்கும் மான்னோஸ் என்ற சர்க்கரையில் ஒரு பாஸ்பேட் முத்திரை குத்தப்படுகிறது. மான்னோஸ் 6 பாஸ்பேட் என்று பெயர். இதுதான் விலாசம். இதை எழுதுவதற்கென்றே ஒரு நொதி கோல்கையில் இருக்கிறது. அதைக் கணக்குப்பிள்ளை என்று சொல்லலாம். விலாசத்தைப் படிக்கும் ஏற்பிகள் அந்தச் சரக்கை மட்டும் பிடித்து, சின்னச் சின்னப் பைகளில் ஏற்றி அனுப்புகின்றன. போகும் வழியில் அமிலம் கூடக்கூட ஏற்பி தன் பிடியை விடும். சரக்கு லைசோசோமுக்குப் போகும், ஏற்பி காலி வண்டியாகக் கோல்கைக்குத் திரும்பும்.

இந்த விஷயம் தெரிந்ததே நோயுள்ள குழந்தைகளால்தான். 1967ல் லிராய், டிமார்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு வகைக் குழந்தைகளின் தோல் செல்களை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தபோது, செல் முழுக்கக் கறுப்புக் கறுப்பாகக் குப்பை சேர்ந்திருந்தது. ஐ செல் நோய் என்று பெயர் வந்தது. அந்தச் செல்களுக்குள் ஒன்றிரண்டு அல்ல, பல லைசோசோம் நொதிகள் குறைவாக இருந்தன. ஆனால் செல்லுக்கு வெளியே, வளர்ப்புத் திரவத்தில் அதே நொதிகள் ஏராளமாகக் கிடந்தன! எலிசபெத் நியூஃபெல்ட் என்ற அம்மையாரும் அவருடைய சக ஆய்வாளரும் 1972ல் இதைச் சரியாக ஊகித்தார்கள். நொதி உருவாகாமல் இல்லை. அடையாளம் இல்லாததால் வேண்டாத இடத்துக்குப் போய்விடுகிறது. அந்த அடையாளம் மான்னோஸ் 6 பாஸ்பேட்தான் என்பது 1977ல் வில்லியம் ஸ்லை குழுவினரின் ஆய்வில் வெளிப்பட்டது. ஐ செல் நோயில் கணக்குப்பிள்ளைதான் இல்லை என்பது 1981ல் தெரிந்தது.

யோசித்துப் பாருங்கள். ஐம்பது வேலைக்காரர்களும் நல்லவர்கள். ஐம்பது பேரும் வேலைக்குக் கிளம்பிவிட்டார்கள். விலாசம் எழுதும் ஒருவர் இல்லாததால் ஐம்பது பேரும் தெருவில் நிற்கிறார்கள். வீட்டுக்குள் குப்பை மலையாகிறது. அந்தக் குழந்தைகளுக்குப் பிறந்தது முதலே மூட்டு இறுக்கம், ஈறு தடிப்பு, வளர்ச்சிக் குறைவு. பெரும்பாலும் பத்து வயதைத் தாண்டுவதில்லை. இன்றுவரை நேரடி மருந்து இல்லை.

இன்னொரு வகையில் கணக்குப்பிள்ளை இருப்பார், ஏதாவது ஒரு வேலைக்காரர் மட்டும் இருக்க மாட்டார். எந்த நொதி இல்லையோ அதைப் பொறுத்து நோயின் பெயர் மாறும். காஷே, பாம்பே, டே சாக்ஸ், ஹர்லர், ஹன்டர் என்று ஐம்பதுக்கும் மேற்பட்ட வகைகள். தனித்தனியாக ஒவ்வொன்றும் மிக அரிது. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் சில ஆயிரம் குழந்தைகளில் ஒன்றுக்கு ஏதோ ஒன்று இருக்கிறது.

மருந்துக்கு வழி திறந்ததும் ஒரு பரிசோதனைக் கிண்ணத்தில்தான். 1968ல் நியூஃபெல்ட் குழுவினர் ஹர்லர் நோயுள்ள குழந்தையின் செல்களையும் ஹன்டர் நோயுள்ள குழந்தையின் செல்களையும் ஒரே கிண்ணத்தில் சேர்த்து வளர்த்தார்கள். இரண்டு பக்கமும் குப்பை குறைந்தது. ஒன்றிடம் இல்லாததை மற்றது வெளியே விட, பக்கத்து வீட்டுக்காரர் எடுத்துக்கொண்டார்! ஏனென்றால் விலாசம் படிக்கும் ஏற்பிகள் செல்லின் வெளிச்சுவரிலும் இருக்கின்றன. விலாசத்தோடு வெளியிலிருந்து வரும் நொதியையும் அவை உள்ளே இழுத்துக்கொள்ளும். இன்று ஹர்லருக்கும் பாம்பேக்கும் ரத்தக்குழாய் வழியாக நொதி ஏற்றுகிறார்களே, அது இந்தத் தத்துவத்தில்தான் வேலை செய்கிறது. எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சையும் அப்படியே. கொடையாளரின் செல்கள் நொதியைச் சுரக்கும், பக்கத்துச் செல்கள் எடுத்துக்கொள்ளும்.

ஆனால் இதில் ஒரு கெடு இருக்கிறது. ஊசி மூலம் ஏற்றும் நொதி மூளைக்குள் போகாது. மூளையும் பாதிக்கப்படும் கடுமையான ஹர்லர் வகையில் மஜ்ஜை மாற்றுதான் வழி. அதையும் குழந்தைக்கு ஏறக்குறைய இரண்டு, இரண்டரை வயது ஆவதற்குள் செய்தால்தான் பெரும் பலன். ஆகவே இந்த நோயில் ஒவ்வொரு மாதமும் கணக்குதான்.

பாடம் முடிந்தது. இனி நம் வீட்டுக் கதை.

என்னிடம் படித்த ஒரு பெண், பெயர் வேண்டாம், அவள் அனுமதியோடு எழுதுகிறேன். அயித்தை மகனைக் கட்டியவள். பையன் பிறந்தபோது கொழுகொழுவென்று இருந்தான். ஒரு வயதுக்குள் இரண்டு தடவை குடலிறக்க அறுவை. ஓயாத சளி, காதில் சீழ். வயிறு உப்பிக்கொண்டே வந்தது. விரல்கள் மடங்கி நீட்ட முடியாமல் போயின. முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தடித்தது. ஒரு டாக்டர் சத்துக்குறைவு என்றார், இன்னொருவர் வாதம் என்றார். வீட்டில் சாமி குத்தம் என்றார்கள். மாமியார், "எங்க பக்கம் இப்படி யாரும் இல்லை, இவ வயித்துல வந்த கோளாறு" என்று சொல்லிவிட்டார்.

நோய் ஹர்லர் என்று தெரிந்தபோது பையனுக்கு நாலு வயது.

அதற்குப் பிறகுதான் ஒரு கிழவி வாயைத் திறந்தார். அதே குடும்பத்தில் ஐம்பது வருஷத்துக்கு முன் இதே மாதிரி வயிறு உப்பி, விரல் மடங்கி ஒரு பிள்ளை ஆறு வயதில் போயிருக்கிறது. பெயரைச் சொல்லக்கூட யாரும் விரும்பவில்லை. இந்தப் பையனுக்கு நாத்தனார் முறையில் ஒரு பெண் கல்யாணத்துக்கு நிற்பதால் இவனையும் "வெளியே கூட்டிட்டுப் போகாதே" என்று சொல்லியிருக்கிறார்கள். சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குக்கூட அவன் போனதில்லை. போயிருந்தால், அங்கே வந்த ஏதாவது ஒரு டாக்டர் உறவினர் கண்ணில் பட்டிருக்கலாம் அல்லவா?

எனக்கு அந்தக் குடும்பத்தின் மேல் கோபமில்லை. பெண் பிள்ளைக்குக் கல்யாணம் நின்றுபோகுமே என்ற பயம் நியாயமான பயம்தான். அந்தப் பயத்தை உண்டாக்கியது நாம் எல்லோரும் சேர்ந்துதான். என் கோபம் அந்த வழக்கத்தின் மேல்.

இப்போது கொஞ்சம் கணக்கு. இந்த நோய்களில் பெரும்பாலானவை ஒடுங்கு பண்பு. அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என இரண்டு பழுதான பிரதிகள் சேர்ந்தால்தான் நோய். ஒன்று மட்டும் இருப்பவர் கேரியர். அவருக்கு அந்த நோய் வராது, இருப்பதே தெரியாது. இரண்டு கேரியர்கள் சேர்ந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. முதல் குழந்தைக்கு வந்துவிட்டதால் அடுத்ததற்கு வராது என்பது கிடையாது. ஒவ்வொரு முறையும் புதிதாகச் சீட்டு குலுக்குவது மாதிரி. ஆகவே "இவ வயித்துல வந்த கோளாறு" என்பது அறிவியலே இல்லை. ஒடுங்கு நோய் என்றால் தாயும் தந்தையும் சரிபாதி. யாருடைய குற்றமும் இல்லை.

ஒருவர் ஒரு பழுதான மரபணுவுக்குக் கேரியர் என்றால், அவருடைய அம்மான் மகளோ அயித்தை மகளோ அதே மரபணுவைச் சுமக்க எட்டில் ஒரு பங்கு வாய்ப்பு. அக்காள் மகளாக இருந்தால் நாலில் ஒரு பங்கு. 2019–21ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் 100க்கு 28 பேர் சொந்தத்தில் கட்டியவர்கள். இந்திய அளவில் அது 100க்கு 11.

இங்கே யாரும் என்னைத் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சொந்தத்தில் கட்டினாலே குழந்தை நோயோடு பிறக்கும் என்று நான் சொல்லவில்லை. எல்லாத் தம்பதியருக்குமே 100 பிறப்புகளில் 2, 3 குழந்தைகளுக்குப் பெரிய பிறவிக் குறை வரலாம். அத்தை, மாமன் மக்களுக்குள் கட்டினால் அது ஏறக்குறைய இன்னும் 2, 3 கூடும், அவ்வளவுதான். பெரும்பாலான பிள்ளைகள் நன்றாகத்தான் பிறக்கின்றன. நம் குடும்பங்களிலேயே எத்தனை பேர் இல்லை? ஆனால் ஏற்கெனவே ஒரு குழந்தை இப்படி இறந்த குடும்பத்துக்குள் கட்டும்போது கணக்கு அடியோடு மாறிவிடுகிறது. அந்த ஒரு தகவலைத்தான் நாம் மறைக்கிறோம்.

"எங்களுக்குள் கோவில் பார்த்துத்தானே கட்டுகிறோம்" என்று நகரத்தார் உறவுகள் கேட்பீர்கள். ஒன்பது கோவில் ஏற்பாடு அருமையான ஏற்பாடு. ஒரே கோவிலுக்குள் பொதுவாகக் கொடுக்கல் வாங்கல் இல்லை என்பதால் பங்காளிக்குள் கல்யாணம் நடப்பதில்லை. ஆனால் கோவில் தகப்பன் வழியில் மட்டும் வருகிறது. மரபணு பாதி தாய் வழியில் வருகிறது. அம்மான் மகள் வேறு கோவில்தான். அதனால் அவளுடைய ரத்தம் வேறாகிவிடாது. தவிர, எந்தச் சமூகமும் தலைமுறை தலைமுறையாகத் தனக்குள்ளேயே கொடுத்து வாங்கினால், நேரடிச் சொந்தம் இல்லாதவர்களும் தூரத்தில் ஒரே பாட்டனுக்குப் பேரன்களாகிவிடுகிறார்கள். குமாரசாமி தங்கராஜ் உள்ளிட்ட மரபியல் அறிஞர்கள் 2017ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. தெற்காசியாவின் பல சமூகங்கள், முப்பது லட்சம் பேர் கொண்ட வைசியர் போன்ற பெரிய சமூகம்கூட, ஒரு சிறு முன்னோர் கூட்டத்திலிருந்து பெருகியவை. ஆகவே இது நகரத்தாருக்கு மட்டும் சொல்வதில்லை. நம் மாவட்டத்தில் எல்லாச் சமூகத்தாருக்கும் பொருந்தும்.

இன்னொரு செய்தி, ஆசிரியர்களாக இருக்கும் என் மாணவர்களுக்கு. 2010ல் அமெரிக்காவில் டென்னிஸ் டிரேனா குழுவினர், திக்கிப் பேசும் சிலரிடம் மூன்று மரபணுக்களில் மாற்றங்களைக் கண்டார்கள். பாகிஸ்தானில் சொந்தத்துக்குள் திருமணம் செய்யும் பெரிய குடும்பங்களில் தொடங்கிய ஆய்வு அது. அந்த மூன்றும் எதற்கான மரபணுக்கள் தெரியுமா? நான் மேலே சொன்ன விலாசம் எழுதும் வேலைக்கானவை! திக்கிப் பேசும் எல்லோருக்கும் இது காரணம் இல்லை, சிறு பங்கினருக்குத்தான். அவர்களுக்கு ஐ செல் நோயும் இல்லை. ஆனாலும் பிள்ளையின் திக்குவாய்க்குப் பயமோ சோம்பலோ காரணம் என்று சொல்லி வகுப்பில் எழுப்பி நிறுத்திச் சிரிக்கும் ஆசிரியர் யாராவது இருந்தால், இதைப் படித்த பிறகாவது நிறுத்துங்கள்.

சரி, அரசு என்ன செய்கிறது? 2021 மார்ச்சில் மத்திய அரசு அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கையை வெளியிட்டது. 2022 முதல், அங்கீகரிக்கப்பட்ட உயர் சிறப்பு மையங்களில் சிகிச்சை பெறும் ஒரு நோயாளிக்கு 50 லட்சம் ரூபாய் வரை உதவி கிடைக்கிறது. சென்னை எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனையும் இந்த மையங்களில் ஒன்று. இது பெரிய காரியம், வரவேற்கிறேன்.

ஆனால் அந்தக் கொள்கை ஏடே என்ன சொல்கிறது? 10 கிலோ எடையுள்ள குழந்தைக்குச் சில அரிய நோய்களுக்கான செலவு ஆண்டுக்கு 10 லட்சம் முதல் ஒரு கோடிக்கு மேல் ஆகலாம். எடை கூடக்கூட மருந்தும் கூடும். சிகிச்சை ஆயுள் முழுக்க. அப்படியென்றால் 50 லட்சம் எத்தனை வருஷத்துக்கு வரும்? பெட்டியடியில் உட்கார்ந்து பழகிய நம் ஊர்ச் சின்னப் பையன்கூட இந்தக் கணக்கைப் போட்டுவிடுவான். ஆயுளுக்கும் வரும் செலவுக்கு ஒரே தடவை முதல் கொடுத்து, அது தீர்ந்ததும் மருந்தை நிறுத்துவது சிகிச்சையாகாது. 2014ல் டெல்லி உயர் நீதிமன்றம், காஷே நோயுள்ள ஒரு ரிக்‌ஷாத் தொழிலாளியின் மகனுக்குத் தேவைப்படும்போதெல்லாம் மருந்தை இலவசமாகத் தரும்படி டெல்லி அரசுக்கு உத்தரவிட்டது. "தேவைப்படும்போதெல்லாம்" என்பதுதான் சரியான அளவுகோல். ஒவ்வொரு தகப்பனும் நீதிமன்றப் படி ஏறித்தான் அதைப் பெற வேண்டும் என்பது நியாயமா?

பணத்தைவிடப் பெரிய பிரச்சினை முதல் வாசல். மருந்து எழும்பூரில் இருக்கிறது, சந்தேகம் இங்கே வர வேண்டும். பல்லவனில் விடியற்காலை ஏறினால் மதியம் எழும்பூர் போய்விடலாம். ஆனால் ஏற வேண்டும் என்று யாராவது சொல்ல வேண்டுமே! நாலு வருஷம் போனது ரயில் பயணத்தில் இல்லை. தெரியாததிலும் மறைத்ததிலும் போனது. இதற்குச் செலவு அதிகமில்லை, கவனம்தான் வேண்டும்.

அதனால் சில வேண்டுகோள்கள்.

டாக்டர், நர்ஸ், அங்கன்வாடிப் பணியாளர்களாக இருக்கும் பிள்ளைகளுக்கு: குடலிறக்கம், ஓயாத சளி, உப்பிய வயிறு, மடங்கிய விரல், தடித்து வரும் முகம், கற்ற பேச்சும் நடையும் மறந்துபோவது. இவற்றில் இரண்டு மூன்று ஒரே குழந்தையிடம் இருந்தால் தனித்தனியாக மருந்து கொடுக்காதீர்கள். ஒரே நோயாக இருக்குமோ என்று யோசியுங்கள். பள்ளிச் சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு வரும்போது அந்தக் குழந்தையை முன்னால் நிறுத்துங்கள். ரத்தத்தில் நொதி அளவு பார்த்தாலே பெரும்பாலான வகைகள் தெரிந்துவிடும்.

பெற்றோருக்கு: ஒரு குழந்தைக்கு நோய் உறுதியானால் அடுத்த கர்ப்பத்துக்கு முன் மரபியல் ஆலோசனை பெறுங்கள். குடும்பத்தில் இருக்கும் மாற்றம் இன்னது என்று தெரிந்திருந்தால், கர்ப்பத்தின் மூன்றாம் மாதவாக்கிலேயே கருவைச் சோதிக்க முடியும். அதன் பிறகு என்ன முடிவு என்பது உங்களுடையது. ஆனால் தெரிந்து எடுக்கும் முடிவாக இருக்கட்டும்.

கல்யாணம் பேசும் பெரியவர்களுக்கு: இசைகுடிமானம் எழுதுகிறோம், மொய் ஏடு எழுதுகிறோம், நூறு வருஷத்துக் கணக்கு நம் வீட்டுப் பெட்டகத்தில் இருக்கிறது. அதில் ஒரு பக்கம் சேருங்கள். மூன்று தலைமுறையில் யார் யார் சிறு வயதில் இறந்தார்கள், என்ன அறிகுறி என்று எழுதி வையுங்கள். இரண்டு வீட்டாரும் அதைக் காட்டிப் பேசுங்கள். பெண்ணுக்கு மட்டும் என்று இல்லாமல் இரண்டு பேருக்கும் பரிசோதனை செய்யுங்கள். உண்மையைச் சொன்ன வீட்டை ஒதுக்காதீர்கள். சொல்லாத வீட்டில் நோய் இல்லை என்று யார் உறுதி தந்தது? நீங்களும் நானும்கூட ஏதோ ஒன்றுக்குக் கேரியராகத்தான் இருப்போம்.

வெளிநாட்டிலும் சென்னையிலும் வசதியாக இருக்கும் பிள்ளைகளுக்கு: 1948ல் நேரு அடிக்கல் நாட்டிய நம் ஊர் மின்வேதியியல் ஆய்வகத்துக்கு அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்தார். காசி வரை சத்திரம் கட்டிய ஊர் இது. எழும்பூரில் வாரா வாரம் ஊசிக்குக் காத்திருக்கும் தென்மாவட்டக் குடும்பங்கள் தங்க நாலு அறை, பரிசோதனைக்குப் பணமில்லாதவர்களுக்கு ஒரு சின்ன நிதி. இது நம்மால் முடியாதா? யாராவது முன்கை எடுத்தால் என் ஓய்வூதியத்திலிருந்து முதல் தொகை வரும்.

அந்தப் பையனுக்கு இப்போது வாரா வாரம் ஊசி போகிறது. வயிறு கொஞ்சம் வற்றியிருக்கிறது, மூச்சு சுலபமாகியிருக்கிறது. மூளைக்குப் போக வேண்டியது போகவில்லை. அவனுடைய அம்மா என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "டீச்சர், அந்தக் காலத்துப் பிள்ளையைப் பத்தி யாராவது எனக்கு முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் இன்றைக்கே கேளுங்கள். கேட்டதை எழுதி வையுங்கள். தெரிந்தவர்களுக்கு இந்தப் பதிவைப் பகிருங்கள். சந்தேகம் இருந்தால் கீழே எழுதுங்கள், தெரிந்த அளவு சொல்கிறேன்.

அன்புடன்,
உங்கள் விலங்கியல் டீச்சர்,
காரைக்குடி